நம்ம இடத்துக்கு மழை இல்லை!

ஆற்றங்கரை மருத மரத்தில் கொண்டையன் என்றொரு குரங்கு இருந்தது. குளிக்க வந்தவர்களின் பையிலிருந்து செல்போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்த குரங்கு அது. அந்தப் போனில் வானிலை சொல்லும் ஆப் இருந்தது. எந்த இடத்தைத் தொட்டாலும் அங்கே எப்போது மழை, எவ்வளவு மழை, எல்லாம் காட்டும். அன்றிலிருந்து கொண்டையனுக்குத் தலைகால் புரியவில்லை.

அதே ஆற்றின் மணல்திட்டில் ஓர் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டை இட்டிருந்தது. ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டாது. வெறுந்தரைதான் அதற்கு வீடு.

ஒரு நாள் காலை மலைப்பக்கம் கறுத்தது. குருவி பதறிப் பறந்து வந்தது.

“கொண்டையண்ணே! மலையில மழையான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க!”

குரங்கு தன் மரம் இருக்கும் இடத்தை மட்டும் தொட்டுப் பார்த்தது. “நம்ம இடத்துக்கு ஒரு சொட்டு கிடையாது. போ, நிம்மதியா உட்காரு!”

“நம்ம இடம் இல்லண்ணே, மலை! அங்க பெஞ்சா தண்ணி இங்கதானே வரும்? விரலால ஒரு இழு இழுத்தா தெரிஞ்சிடும். மழைன்னா முட்டையை மேட்டுக்குத் தூக்கி வச்சிடுங்க. எனக்குக் கையா இருக்கு?”

“மலையில பெஞ்சா மலையில இருக்கிறவன் நனையட்டும்! எனக்கென்ன வந்தது? சும்மா தொணதொணக்காதே!”

ஒரு விரல்! ஒரே ஒரு விரலை அசைக்க அந்தத் தடியனுக்கு வலித்ததாம்! சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மத்தியானம் சுள்ளென்று வெயில். அந்த வெயிலிலேயே ஆறு செம்மண் நிறத்தில் பொங்கி வந்தது. குருவி கத்திக்கொண்டே சுற்றிச் சுற்றிப் பறந்தது. மணல்திட்டு மூழ்கியது. நான்கு முட்டையும் போயின.

மேல்கிளையில் ஏறி உட்கார்ந்திருந்த குரங்கு போனை நீட்டியது. “என்னை ஏன் முறைக்கிறே? இங்க மழை இல்லைன்னேன். பெஞ்சுதா? நான் சொன்னது சரியா இல்லையா?”

அடப்பாவி! குஞ்சாக வேண்டிய நான்கு உயிர் போய்விட்டது. அப்போதும் அதற்குத் தான் சொன்னது சரியா என்பதுதான் கவலை!

“மலையைப் பார்த்தியா?” என்று கேட்டது குருவி. இப்போது அண்ணனும் இல்லை, மரியாதையும் இல்லை.

குரங்கு போனை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது.

“பார்த்தியா? பார்த்தியா?” இன்றைக்கும் அந்த ஆற்றங்கரையில் அப்படிக் கேட்டுக்கொண்டேதான் ஆள்காட்டி பறக்கிறது.

எல்லாவற்றையும் காட்டும் கருவி கையில் இருந்தும், தன் தலை நனையுமா என்று மட்டுமே பார்க்கிறவன் அடுத்தவர் வீட்டை மூழ்கடிக்கிறான்.