ஊசிப் பள்ளிக்கு ஓர் ஓலை

உங்க பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, ரத்தம் எடுக்கப் போன இடத்தில், நரம்பு கிடைக்கவில்லை என்று அந்தப் பிஞ்சுக் கையில் நாலு இடத்தில் குத்தியிருக்கிறார்களா? குத்தியிருந்தால் இந்தக் கதை உங்களுக்குத்தான்.

ஆனைவாரி நாட்டில் ஊருக்கே அந்த நிலைமை. அங்கே உடம்புக்கு எது வந்தாலும் வைத்தியர்கள் முதலில் ரெண்டு சொட்டு ரத்தம் பார்ப்பார்கள். அதை வலிக்காமல் எடுக்கத் தெரிந்தவள் வைத்தியச்சி மருதக்காள் ஒருத்திதான். விடிந்தால் அவள் வாசலில் வரிசை நிற்கும். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் குதிரைக்கு லாடம் அடிக்கிற சடையனிடம் போவார்கள். சடையன் நல்லவன்தான். ஆனால் கையைப் பிடித்ததும் பழக்கதோஷத்தில் குளம்பைத் தேடுவான்.

மருதக்காள் யோசித்தாள். ரத்தம் எடுக்கக் கற்றுக்கொடுக்க ஒரு பள்ளி தொடங்கிவிடலாம் என்று எட்டுப் பெண்களைச் சேர்த்தாள். தாமரைத் தண்டில் குங்குமத் தண்ணீரை நிரப்பி, அதைப் புடலங்காய்க்குள் நுழைத்து, குத்திப் பழகுவதற்கு எல்லாம் தயார் செய்துவிட்டாள். பாக்கி, அரண்மனையின் அனுமதி ஓலை ஒன்றுதான்.

அதைக் கொடுக்க வேண்டியவர் அரண்மனை ஓலைகளுக்கெல்லாம் அதிகாரியான ஓலைநாயகம் பஞ்சாட்சரம்.

முதல் மாதம் போனாள். "நீ யாரிடம் கற்றாய்?" என்றார்.

"எங்க அம்மாகிட்ட, ஐயா."

"உன் அம்மாவுக்கு யார் அனுமதி கொடுத்தது?"

"அவங்க அம்மாதான், ஐயா."

"அவர்கள் மூவரும் நேரில் வரட்டும்." பாட்டியோடு கொள்ளுப்பாட்டியையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டார். மூவரும் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன என்று சாட்சி சொல்ல ஆள் பிடிப்பதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது.

இரண்டாம் மாதம், "புடலங்காய் சம்மதித்துத்தான் குத்துப்படுகிறதா?" என்று கேட்டார். தோட்டக்காரர் வந்து, அவை சம்மதித்தே காய்த்தன என்று எழுதிக் கொடுத்தார்.

மூன்றாம் மாதம்தான் பெரிய குண்டு. "உன் பள்ளியில் படித்துத் தேறிய எட்டுப் பேரை அழைத்து வா. அவர்கள் ஒழுங்காகக் குத்துகிறார்களா என்று பார்க்கிறேன். பார்த்துவிட்டு, பள்ளி தொடங்க அனுமதி தருகிறேன்."

"பள்ளியே இன்னும் தொடங்கலையே, ஐயா."

"தொடங்கிவிடாதே. அனுமதி இல்லாமல் ஒருத்தி ஊசியைத் தொட்டாலும் சிறைதான்."

பெண்களின் அப்பாக்களுக்குப் பொறுமை போய்விட்டது. வெள்ளிக்கிழமைக்குள் ஓலை வராவிட்டால் வண்டி கட்டிக்கொண்டு வந்து பெண்களைக் கூட்டிப் போய்விடுவோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்குப் புதன்கிழமை. மருதக்காள் நேரே வெள்ளியங்கிரியிடம் போனாள். வெள்ளியங்கிரி அரசவையின் விகடகவி. அரண்மனைப் பல்லக்கும் அவர் பொறுப்பில்தான் இருந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நாளைக்கு எட்டுப் பேரையும் கூட்டிக்கிட்டு சபைக்கு வந்துடு தாயி. நீ ஒண்ணும் பேச வேண்டாம். அவரே பேசுவாரு."

மறுநாள் சபை கூடியது. மகாராசா வீரநல்லதம்பி வந்து உட்கார்ந்தார். பஞ்சாட்சரம் வாயெல்லாம் பல்லாக எழுந்து நின்றார். திங்கட்கிழமை அவர் மகளுக்குக் கல்யாணம். அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அதிகாரிகள் வீட்டுக் கல்யாணம் என்றால் பெண்ணும் மாப்பிள்ளையும் அரண்மனைப் பல்லக்கில்தான் ஊர்வலம் வர வேண்டும். பல்லக்கு வராவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் வந்த வழியே திரும்பிவிடுவார்கள்.

"வெள்ளியங்கிரி, பல்லக்கைத் திங்கட்கிழமை காலையில் அனுப்பிவிடும்" என்றார் பஞ்சாட்சரம்.

"அனுப்பலாமே. குழந்தையைக் கொண்டுவந்தீரா?"

"எந்தக் குழந்தை?"

"உம்ம பேரக்குழந்தை. மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் பிறந்ததைக் கண்ணால் பார்க்கணும். கை கால் நல்லா இருக்கா, சிரிக்குதா, பால் குடிக்குதா எல்லாம் பார்த்துட்டுத்தான் பல்லக்கைத் தர முடியும்."

சபையே சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டது. பஞ்சாட்சரத்தின் முகம் சிவந்தது. "உமக்குப் புத்தி பிசகிவிட்டதா? கல்யாணமே இன்னும் நடக்கவில்லை."

"நடத்திடாதீங்க. பல்லக்கு இல்லாமல் நடத்தினா குற்றமாச்சே."

"மகாராசா, இந்த ஆளைப் பாருங்கள். கல்யாணம் நடந்தால்தானே குழந்தை பிறக்கும்? குழந்தையைக் காட்டினால்தான் கல்யாணம் என்றால் இது எந்த ஊர் நியாயம்? எந்த முட்டாள் இப்படிச் சட்டம் போடுவான்?"

வெள்ளியங்கிரி எழுத்தரைப் பார்த்துத் திரும்பினார். "ஐயா சொன்னதை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கிட்டீரா? நல்லது. கல்யாணம்னு இருக்கிற இடத்தில் பள்ளின்னு போடும். குழந்தைன்னு இருக்கிற இடத்தில் தேறிய மாணவின்னு போடும். முட்டாளை மட்டும் மாத்த வேண்டாம். இப்போ உரக்கப் படியும்."

எழுத்தர் படித்தார். பஞ்சாட்சரம் மெதுவாக உட்கார்ந்தார். மகாராசாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மருதக்காளை அழைத்து, மூன்று மாதக் கதையையும் கேட்டார். புடலங்காயின் சம்மதம் வரைக்கும் வந்தபோது அவருக்குப் புரை ஏறியது. சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி மடியில் விழுந்தது.

"பல்லக்கும் போகட்டும், பள்ளியும் நடக்கட்டும்" என்று ரெண்டு ஓலைக்கும் முத்திரை குத்தினார். தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை வெள்ளியங்கிரிக்குத் தரப்போனவர், உற்சாகத்தில் அதை அப்படியே விட்டுவிட்டுக் கையை நீட்டினார். "முதல் பாடம் இங்கேயே நடக்கட்டும். என் கையிலேயே நடக்கட்டும். யார் வருகிறீர்கள்?"

எட்டுப் பேரில் சின்னவளான பொன்னரும்பு மருதக்காளிடம் ஊசியை வாங்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இதுவரைக்கும் எத்தனை பேருக்குக் குத்தியிருக்கிறாய், அம்மா?"

"ஒருத்தருக்கும் இல்லைங்க, மகாராசா. ஊசியைத் தொட்டாலே சிறைன்னாங்க. நீங்கதான் முதல்."

மகாராசா ஊசியைப் பார்த்தார். நிறைந்திருந்த சபையைப் பார்த்தார். நீட்டிய கையை இனி மடக்க முடியாது. சால்வையை இழுத்துக் கை தெரியாமல் மூடிக்கொண்டு, வெள்ளியங்கிரியின் காதருகே குனிந்து மெல்லச் சொன்னார்:

"ஓய், ஒருத்தரும் பார்க்காமல் உம்ம கையை இந்தச் சால்வைக்கு அடியில் கொஞ்சம் நீட்டுமேன்."