புருஷன் நின்ற இடம்

கனைப்புதான் முதலில் கேட்டது. ஆண் கனைப்பு.

அதற்குப் பிறகே பெண் குரல் வந்தது. "வழுக்கி விழுந்துட்டேன்."

"எப்படி உடைஞ்சது?" என்று கேட்டுவிட்டு, கட்டுப்போட மூங்கில் தப்பை எடுக்க உள்ளே போயிருந்த தளவாய் திரையை விலக்கிப் பார்த்தார். உடைந்த கையை மடியில் ஏந்தி முப்பிடாதி உட்கார்ந்திருந்தாள். அவள் தோளை உரசினாற்போல் புருஷன் நின்றான்.

எண்ணெய் தடவி, தப்பை வைத்து, கட்டி முடித்தார். முடித்த கையோடு வைத்தியர் சேர்மக்கனியிடம் போனார். லாரிப் பட்டறையை மூடிவிட்டு எலும்பு வைத்தியம் படிக்க வந்தவர் தளவாய். குருவைவிட வயதில் மூத்தவர்.

"அந்தப் பொம்பள பொய் சொல்லுதாம்மா. விழுந்தவ கையை ஊனுவா, மணிக்கட்டு போவும். இவளுக்கு முன்கைல உடைஞ்சிருக்கு. தலைக்கு வந்த அடிய மறிச்சாத்தான் அங்க உடையும். போன தடவ விலா. அப்பவும் வழுக்கிட்டாம். இவளுக்கெல்லாம் நாம என்ன செய்ய?"

கட்டுத்துணி கிழித்துக்கொண்டிருந்த சேர்மக்கனி நிமிரவில்லை.

"நீங்க கேக்கும்போது புருஷன் எங்க நின்னான்?"

"பக்கத்துலதான். புருஷன்லா?"

துணி தரையில் விழுந்தது. எழுந்தவர் தளவாயின் மணிக்கட்டைப் பிடித்தார். கட்டைவிரல் நரம்புக்குள் இறங்கியது. தளவாய்க்குக் கண் இருட்டியது. பெஞ்சு நிறைய நோயாளிகள் பார்த்தார்கள்.

"வலிக்கா அண்ணாச்சி?"

"இல்லம்மா."

விரல் இன்னும் இறங்கியது.

"வலிக்கா?"

"இல்ல... இல்லம்மா."

அவரை மருந்து அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்திவிட்டுக் கையை விட்டார்.

"இப்ப சொல்லுங்க."

"உயிரே போயிட்டு."

"பெறவு ஏன் பொய் சொன்னிய?"

தளவாய் கதவைத் திறந்தார்.

வாசலுக்கு ஓடினார். புருஷனும் பெண்டாட்டியும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, நில்லு. கட்டு கோணிட்டு. அவுத்துக் கட்டணும். நீ மட்டும் உள்ள வா."

"நானும் வாரேன்" என்றான் புருஷன்.

"கட்டுத அறைக்குள்ள ஆம்பள வரப்படாது."

"அப்ப நீரு யாரு?"

பின்னால் வந்த சேர்மக்கனி கதவை மறித்து நின்றார். "அவரு கட்டுதவரு. நீ அங்க போய் உக்காரு."

உள்ளே, தளவாய் வாளிக்கு மேல் குழாயை முழுக்கத் திறந்துவிட்டார். தண்ணீர் இரைந்தது. பேச்சு இனி வெளியே போகாது.

கட்டை அவிழ்த்தார்.

"எப்படி உடைஞ்சதுன்னு நான் கேக்கல தாயி. வீட்டுக்குத் திரும்பிப் போவ பயமா இருக்கா?"

அவள் கதவைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். கடைசியில் அவரைப் பார்த்தாள்.

"போவலன்னா பிள்ளைய என்ன செய்வானோ. பள்ளிக்கூடத்துல இருக்கா. சாயங்காலம் அவந்தான் கூட்டிட்டு வரப் போவான்."

வெளியே அவன் கத்தினான். "இன்னும் எம்புட்டு நேரம்?"

"உடைய ஒரு நிமிஷந்தான்" என்றது சேர்மக்கனியின் குரல். "கட்ட நேரமாவும். உக்காரு."

தளவாய் துணியின் நுனியைத் தேடி எடுத்தார்.

"எந்தப் பள்ளிக்கூடம்? அவனுக்கு முந்தி நாங்க ஆள் அனுப்புதோம்" என்றபடி, முதலிலிருந்து மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தார்.