மூங்கில் பாலமும் இலவம்பஞ்சும்

மேற்கு மலையில் ஒரு காடு இருந்தது. அதன் நடுவே ஆழமான பள்ளத்தாக்கு. அந்தப் பள்ளத்தாக்கின் குறுக்கே வெகு காலம் ஒரு பெரிய நாவல் மரம் விழுந்து கிடந்தது. காட்டுக்கு அதுதான் பாலம்.

அந்த நாட்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அங்கே யாருக்கும் நிறுத்த மனம் வராது. இக்கரையில் ஓடை, அக்கரையில் நெல்லிக்காய். எதிரே யாராவது வந்தால் மரத்தின் நடுவே ஒதுங்கி நின்று, வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். மழைக்காலத்தில் மரத்தின் மேல் காளான் முளைக்கும். காட்டுப்பன்றிகள்கூட அதை மிதிக்காமல் தாண்டிப் போகும்.

ஒரு வருஷம் மரம் மக்கி உடைந்து விழுந்தது.

வீரணன் என்ற கரடி புதிய பாலம் கட்ட முன்வந்தான். இருவாட்சிப் பறவைகள் அக்கரைக்குக் கொடிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தன. மூங்கிலைப் பிளந்து, பாய் போல அகலமாகவும் தட்டையாகவும் பின்னித் தொங்கவிட்டான். வேலை முடிந்ததும் பத்துப் பன்றிகளை அதன்மேல் வரிசையாக நிறுத்தினான். தானும் ஏறிக் குதித்துக் காட்டினான்.

“பத்துப் பன்றியும் ஒரு கரடியும் ஏறியாயிற்று. இதற்கு மேல் என்ன சோதனை வேண்டும்?” என்று கேட்டான்.

“பாரத்தைத் தாங்கும் அண்ணே. காற்று அடித்தால்?” என்றாள் செவந்தி என்ற மலையணில்.

“காற்றுக்கு என்ன எடை இருக்கிறது? அது வந்து மூங்கிலை என்ன செய்துவிடும்?”

எல்லோரும் சிரித்தார்கள். செவந்தியும் சிரித்துவிட்டாள்.

ஆனி மாதத்தில் ஒரு பகல். வீரணனின் மனைவி பூவாயி நெல்லி பறிக்க அக்கரைக்குப் போயிருந்தாள். செவந்தி அங்கிருந்து திரும்பிப் பாதிப் பாலம் வந்திருந்தாள். காற்று பலமாகக்கூட இல்லை. பாலத்தின் ஓர் ஓரம் மெல்ல மேலே எழுந்தது, மறு ஓரம் கீழே இறங்கியது. பிறகு அது எழுந்தது, இது இறங்கியது. காற்று கூடவில்லை. ஆட்டம் மட்டும் கூடிக்கொண்டே போனது.

செவந்தி ஓரத்தைப் பற்றிக்கொண்டாள். அது அவளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. இரண்டு ஓரங்களும் அப்படிப் புரண்டபோதும் நட்டநடுவில் நீளவாக்கில் ஒரு மூங்கில் மட்டும் அசையாமல் கிடந்ததை அவள் பார்த்தாள். அதன்மேல் தாவி, அதை விட்டு விலகாமல் ஓடி இக்கரையில் வந்து விழுந்தாள். அவளுக்குப் பின்னால் கொடிகள் அறுந்தன. பாலம் பள்ளத்தாக்கில் போய் விழுந்தது.

சுற்றி வர வேறு வழியில்லாமல் பூவாயி அக்கரையிலேயே நின்றுவிட்டாள்.

அதன்பிறகு தினமும் காலையில் வீரணன் இக்கரைப் பாறையில் உட்காருவான், அவள் அக்கரைப் பாறையில் உட்காருவாள். கூப்பிட்டால் காற்று குரலைக் கொண்டுபோய்விடும். கையை மட்டும் தூக்கிக் காட்டிக்கொள்வார்கள்.

“நாவல் மரத்தில் போகும்போது அவள்தான் முன்னால் போவாள்,” என்று வீரணன் ஒருநாள் செவந்தியிடம் சொன்னான். “ஒவ்வொருவரிடமும் நின்று பேசுவாள். நேரமாகிறது என்று நான் எரிந்து விழுவேன். இப்போது நினைத்தால், அவ்வளவு அவசரமாக எங்கே போனேன் என்றே தெரியவில்லை.”

அவன் இன்னும் தடிமனான மூங்கில்களை வெட்டி அடுக்கியிருந்தான்.

“அண்ணே, பாலம் பாரத்தால் விழவில்லை,” என்றாள் செவந்தி. “அன்றைக்கு அதில் நான் ஒருத்திதான் இருந்தேன். இரட்டைப் பாறை இடுக்கில் நாள் முழுக்க ஒரே சீராகக் காற்று அடிக்கிறது இல்லையா? அதற்குள் குட்டிப் பாலம் கட்டிப் பார்ப்போம்.”

“அவள் அங்கே நிற்கிறாள். நீ விளையாடக் கூப்பிடுகிறாயா?”

“குட்டிப் பாலம் விழுந்தால் நமக்கு ஒரு காலைப்பொழுதுதான் வீண், அண்ணே.”

வீரணன் கையிலிருந்த மூங்கிலைக் கீழே வைத்தான்.

நாணல் குச்சியால் முழ நீளத்தில் பழைய பாலத்தையே முதலில் செய்தார்கள். பெரிய பாலத்தைப் போலவே அசையட்டும் என்று அளவு பார்த்துக் கூழாங்கல் கட்டினார்கள். இடுக்கில் மாட்டிய சிறிது நேரத்தில் அது அதே மாதிரி முறுக்கிக்கொண்டு ஆடியது. வீரணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

செவந்தி இலவம்பஞ்சைப் பிய்த்துக் காற்றில் விட்டாள். பஞ்சு அந்தத் தட்டை விளிம்பில் மோதி, ஒருமுறை மேலே சுருண்டது, ஒருமுறை கீழே சுருண்டது.

“பாருங்கள் அண்ணே, காற்று இப்படி மாறி மாறித் தட்டியிருக்கிறது. பாலம் கொஞ்சம் திரும்பியதும் காற்றுக்கு நல்ல பிடி கிடைத்துவிட்டது.”

விளிம்பைச் சீவி மெல்லியதாக்கினார்கள். ஆட்டம் குறைந்தது, நிற்கவில்லை. நடுவே நீளமாக ஓர் இடைவெளி விட்டார்கள். பஞ்சு அதன் வழியாகவும் நழுவிப் போனது. பன்னிரண்டாவது பாலம் அசையாமல் நின்றது.

“போதும், இதையே கட்டிவிடலாம்,” என்று வீரணன் எழுந்தான். அந்த நேரம் இருவாட்சி ஒன்று வந்து பாறையில் இறங்கியது.

“பூவாயி சொல்லச் சொன்னாள். நெல்லி நிறையக் காய்த்திருக்கிறதாம், ஊற்றுத் தண்ணீரும் கிடைக்கிறதாம். அவள் எங்கும் போய்விட மாட்டாளாம், நிதானமாகக் கட்டச் சொன்னாள்.”

வீரணன் அந்தக் குட்டிப் பாலத்தின் அருகே குனிந்து பார்த்தான். பிறகு, “பள்ளத்தாக்கில் காற்று கீழேயிருந்தும் வரும் இல்லையா, செவந்தி?” என்று கேட்டான். அவனே அதைச் சாய்த்து மாட்டினான். அது முறுக்கி ஆடி உடைந்தது. அவன் கோபப்படவில்லை. புதிதாக ஒரு கட்டு நாணலைக் கொண்டுவந்து உட்கார்ந்தான்.

பத்தொன்பதாவது பாலத்தை எந்தப் பக்கம் சாய்த்தும் காற்றால் ஆட்ட முடியவில்லை. ஆடி மாதம் முழுவதும் அதை இடுக்கிலேயே விட்டுவைத்தார்கள். அதன் பிறகுதான் பெரிய பாலத்தில் கை வைத்தார்கள்.

அடுத்த ஆனியில் வேலை முடிந்தது. அன்றைக்குக் காற்று கிளைகளை ஒடித்துக்கொண்டிருந்தது. காற்று ஓயட்டும் என்று இருவாட்சியிடம் சொல்லி அனுப்பியும் பூவாயி கேட்கவில்லை. பாலத்தில் இறங்கி நடந்தாள். நடுவில் வந்தபோது ஒரு பெரிய வீச்சு வந்தது. பாலம் லேசாக நடுங்கியது, அவ்வளவுதான். அவள் மறுபடியும் நடந்தாள்.

இக்கரையில் ஏறியதும் வீரணனை ஏற இறங்கப் பார்த்தாள். “என்னங்க, இப்படி நரைத்துவிட்டீர்கள்,” என்றாள். அவன் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான்.

ஆகவே குழந்தைகளே, நாம் கட்டுவது எதைத் தாங்கும் என்று மட்டும் பார்க்காமல், எது அதை அசைக்கும் என்பதையும் சிறிய அளவில் பொறுமையாகச் சோதித்து அறிந்த பிறகே பெரிதாகக் கட்ட வேண்டும்.