மணிக்கூண்டுக் குழாய்

ஆனந்தவிளைச் சபையின் உபதேசியார் தேவாசீருக்கு நாற்பது வயது. அவரிடம் வேதம் வாசிக்கக் கற்றுக்கொண்ட அன்னபாக்கியத்துக்கு ஐம்பத்தெட்டு. நான்கு வருஷத்துக்கு முன்பு எழுத்துக்கூட்டத் தொடங்கியவள், இப்போது ஒரு அதிகாரம் முழுவதையும் தடங்கலில்லாமல் வாசிப்பாள். சந்தேகம் வந்தால் நேரே கேட்டுவிடுவாள். அவர் ஒருமுறையாவது நேரே பதில் சொன்னதாக அவளுக்கு ஞாபகமில்லை.

அந்தத் திங்கட்கிழமை அவள் கோயிலுக்கு வந்தபோது உபதேசியார் மணிக்கூண்டில் ஏணியைச் சாத்திக்கொண்டிருந்தார். ஆடிக் காற்றில் கூண்டின் உச்சியில் இருந்த ஒலிபெருக்கி, ஊராருக்குக் குழாய் ரேடியோ, ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது.

“சபைப் பதிவுல என் பேரை அடிச்சிருங்க, உபதேசியாரே.”

“ஏணியைக் கொஞ்சம் பிடிங்கக்கா. காத்து தள்ளுது.”

பிடித்தாள். அவர் ஏறினார்.

“நான் சொன்னது கேட்டுதா?”

“கேட்டுது. வெள்ளிக்கிழமை ரோஸ்லின் சொன்னதும் கேட்டுது.”

“ஊருக்கே கேட்டுதே!”

அன்னபாக்கியத்தின் ஒரே மகன் யாபேஸ் குடிக்கத் தொடங்கியிருந்தான். அதை அவள் ஒருத்தியிடம்தான் சொன்னாள். மாதர் சங்கத் தலைவி ரோஸ்லினின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஜெபத்துல நினைச்சுக்கோ” என்றாள். ரோஸ்லின் நினைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் மைக்கை வாங்கி, கண்ணீரோடு ஜெபித்தாள். ஆண்டவருக்கு ஆள் மாறிவிடக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, தகப்பன் பெயர், தெரு, அவன் குடிக்கிற கடை எல்லாவற்றையும் சொன்னாள். யாபேஸ் அப்போது பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தான். கடையில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனவன் வீட்டுக்கு வரவில்லை.

“திசையன்விளையில லாரி செட்டுல படுத்துக் கிடக்கான்” என்றாள் அன்னபாக்கியம். “நேத்து ஆள் விட்டேன். எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு வருவேன்னு கேட்டிருக்கான்.”

“ரோஸ்லின் செஞ்சது தப்பு. நேத்தே அவகிட்டச் சொல்லிட்டேன். அழுதா.”

“அதையும் வர்ற வெள்ளிக்கிழமை மைக்குல சாட்சியாச் சொல்லுவா.”

மேலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் சிரிக்கவில்லை.

“வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டு ஜெபிச்சா ஆண்டவருக்குக் கேக்காதா?”

“கேக்கும்.”

“பொறவு எதுக்கு இத்தனை பேரு?”

திருகாணி கழலும் சத்தம்தான் வந்தது. சற்று நேரத்தில் அவர் குழாயைத் தோளில் வைத்து இறங்கி வந்து, அதை அவள் கையில் கொடுத்தார்.

“வீட்டுக்குக் கொண்டு போங்க. நீங்க திருப்பிக் கொண்டு வர்ற வரைக்கும் மேல ஏத்த மாட்டேன்.”

“என் பேரு?”

“இதைக் கொண்டு வரும்போதும் அடிக்கச் சொன்னா, அடிச்சிருதேன்.”

அவள் குழாயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். தண்ணீர்க் குழாயடியில் நின்ற ஒருத்தி, “என்ன மைனி, வீட்டுல விசேஷமா?” என்றாள்.

“ஆமா. நீயும் வா. பாட்டுப் போடுதேன்.”

வீட்டில் குழாயை வைக்க வேறு இடமில்லை. புருஷன் சுவிசேஷமுத்துவின் படத்துக்குக் கீழே வைத்தாள். படுத்தாலும் எழுந்தாலும் அது கண்ணில் பட்டது.

சுவிசேஷமுத்து கிணறு வெட்டுகிறவர். பதினொரு வருஷத்துக்கு முன்பு ஒரு நாள் பக்கச்சுவர் சரிந்து, மார்பு வரை மண் மூடிவிட்டது. சோறு கொண்டுபோன அன்னபாக்கியம் கிணற்று மேட்டில் நின்று கத்தினாள். ஆண்டவரைக் கூப்பிட்டாள், ஆட்களைக் கூப்பிட்டாள். காற்று எல்லாவற்றையும் பனைகளுக்குள் கொண்டுபோனது. அப்போதுதான் ஊர்ப் பக்கத்திலிருந்து, மணிக்கூண்டிலிருந்து, ஒரு பெண் குரல் அலறியது. எந்தக் கிணறு, யாருடைய நிலம், எந்த வரப்பு வழியாக வர வேண்டும், உள்ளே கிடப்பது யார், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னது. மண்வெட்டியோடு ஓடி வந்தவர்களில் அவர்கள் வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்களும் இருந்தார்கள். சாயங்காலத்துக்குள் தூக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு சுவிசேஷமுத்து ஏழு வருஷம் இருந்தார்.

அந்தக் குரல் யாருடையது என்று அவள் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அன்றும் தெரியும். இன்றும் தெரியும்.

புதன்கிழமை குழாயோடு கோயிலுக்கு வந்தாள். உபதேசியார் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தார்.

“கிணறு இடிஞ்ச அன்னைக்குக் கோயில் பூட்டித்தானே கிடந்துது?”

“ஆமா. நான் இங்க வந்து ஒரு மாசம்கூட ஆகல. பனைக்குள்ள விறகு பொறுக்கின ரோஸ்லின் உங்க சத்தம் கேட்டு ஓடி வந்து, ஜன்னலை உடைச்சுல்லா உள்ள போனா.”

“உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா?”

“அன்னைக்கும் கேக்கல.”

அன்னபாக்கியம் முந்தானையால் குழாயின் வாயைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

“இது மேல ஏறினா, என் வீட்டுக் கதையை இனி அவ பேசமாட்டான்னு உறுதி சொல்லுவீங்களா?”

“சொல்ல முடியாதுக்கா.”

“ஆபத்துக்கு மட்டும் வாயைத் திறக்கிற மாதிரி ஒண்ணு கிடைக்காதா, உபதேசியாரே?”

“நானும் வந்த நாள்ல இருந்து விசாரிக்கேன். எந்தக் கடையிலயும் இல்ல.”

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு ஏணியை எடுத்து வந்து நிறுத்தினார். குழாயைத் தோளில் தூக்கிக்கொண்டார். இரண்டு படி ஏறிய பிறகு கேட்டார்:

“எந்தப் பக்கம் பாத்து மாட்டணும்?”

அன்னபாக்கியம் திசையன்விளை பஸ் வருகிற ரோட்டைக் கையால் காட்டினாள். பிறகு இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.