முந்திக் குதிச்ச கட்டம்

லேக்காம்ல லேக்கு! கம்ப்யூட்டர் தயங்கினா ஆட்டத்துல குதி பிந்தும்டி பூங்கொடி, முந்துமா? விரல் அமுக்கினப்புறம் மெதுவா குதிச்சா அது லேக்கு. அமுக்குறதுக்கு முன்னாடியே குதிச்சா அதுக்கு என்ன பேரு வைப்ப? முழுசா கேளு.

தணிகைவேல் அந்தக் கம்ப்யூட்டர் ஆட்டத்துல அந்த லெவலை முடிச்சது நெசம். ‘ஊமைக்கிணறு’ன்னு பேரு அதுக்கு. திரையில ஒரு சின்னக் கட்டம் தன்னால ஓடும். மவுஸை ஒரு தட்டு தட்டினா ஒரு குதி. வழி நெடுக முள்ளு. பட்டா மறுபடி மொதல்லேருந்து. அந்த லெவலைச் செஞ்சவனைத் தவிர ஒருத்தரும் கரை சேரல. இவன் அதுக்காக வேலையை விட்டான், தூக்கத்தை விட்டான். தங்கச்சி வளைகாப்புல பந்தியில உக்காந்தும் விரலால இலையைத் தட்டிக்கிட்டே இருந்தான்னா பாத்துக்க. எல்லாம் எதுக்கு? கஷ்டமான லெவலுங்க பட்டியல்ல, அதுக்குக் கீழ தன் பேரு வரணும்.

பட்டியலை வச்சிருந்தது ரெஜினா. ஜெராக்ஸ் கடைக்காரி. இவனைவிட வயசுல சின்னவ, ஆனாலும் ‘மாஸ்டர்’னுதான் கூப்பிடுவான். ஆட்டத்தை அவகிட்டதான் கத்துக்கிட்டான். அவ விதி கறார். வீடியோவை வெட்டக் கூடாது, விரல் தெரியணும், தட்டுற சத்தம் கேக்கணும். ஒருத்தன் மெதுவா ஆடிட்டு வீடியோவை வேகமா ஓட்டி அனுப்பினான். பின்னாடி சுவத்துல பல்லி ரயில் மாதிரி ஓடுச்சு! "பல்லிக்கு வேணா எடம் குடுக்கலாம்"னு திருப்பி அனுப்பிட்டா. அது கெடக்கட்டும்.

மத்தியானம், கடையில ஆளில்லை. தணிகை போய் நின்னான்.

"நான் அனுப்பின வீடியோவைப் பட்டியல்ல ஏத்தாம ஏன் மாஸ்டர் நிறுத்தி வச்சிருக்கீங்க?"

அவ அதை ஓட்டினா, மெதுவா. கட்டம் குதிச்சுது. அப்புறம்தான் விரல் எறங்கிச்சு. டிக். மறுபடி குதி. அப்புறம் டிக்.

தணிகை திரைகிட்ட குனிஞ்சு பாத்தான். "படம் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் போயிருக்கும்..."

"திரையையும் விரலையும் ஒரே போன்லதானே எடுத்தீங்க? நடுவுல இருமுறீங்க, வாயும் சத்தமும் ஒண்ணாத்தான் இருக்கு."

"நான் ஏமாத்தல மாஸ்டர். எங்கம்மா மேல சத்தியம்."

"தெரியும்ணே. உக்காருங்க. இங்கயே ஆடுங்க."

ஆடினான். கட்டம் முள்ளு முள்ளா தாண்டிச்சு. பாதி வழியில ரெஜினா டீ டம்ளரை நீட்டினா.

"இதைப் பிடிங்க."

"இப்பவா? செத்துருவேன் மாஸ்டர்!"

"ரெண்டு கையாலயும்."

அவ சொல்லி இவன் மறுத்ததில்லை. மவுஸை விட்டுட்டு டம்ளரை வாங்கினான்.

கட்டம் நிக்கல. குதிச்சுது. அடுத்த முள்ளு, அதையும் தாண்டிச்சு. மவுஸ் மேசையில சும்மா கெடக்கு. ஒவ்வொரு குதிக்கும் பின்னாடி தணிகையோட விரல் டம்ளர்ல தட்டுது. டிக். அவன் தட்டல. பல்லைக் கடிச்சு விரலை இறுக்கிப் பாத்தான். அது கேக்கல. டிக். டிக். கட்டம் கரை சேந்துருச்சு.

"விரல் தெரியுது, சத்தம் கேக்குது, வெட்டு இல்லை. விதியில கொறை சொல்ல ஒண்ணுமில்லைண்ணே." ரெஜினா கீபோர்டை இழுத்து வச்சுக்கிட்டா. "முடிச்சவங்க பேரு போடணும். யாரு பேரைப் போட?"

தணிகை டம்ளரை இறுக்கிப் பிடிச்சான். திரையில கட்டம் மறுபடி மொதல்லேருந்து ஓட ஆரம்பிச்சுது.

டிக்.

என்னடி, மொகம் வெளுத்துப் போச்சு? அது தகரக் கூரையில மழை விழுற சத்தம். ஏய் பூங்கொடி! கொடியில கெடக்குற துணியை உள்ள எடுத்துட்டு வா!