பொத்தானை அழுத்திவிட்டு

மாலை நாலேகால் மணி. அறையில் ஒரு லேப்டாப், இரண்டு ஸ்பீக்கர், ஒரு மின்விசிறி. அருள்ராயன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. தூத்துக்குடி மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். மின்னணு இசை கற்க வடபழனிக்கு வந்து ஓராண்டு ஆகிறது. கற்றுக்கொடுக்கும் ஷமீலாவுக்கு முப்பத்துமூன்று. சனிக்கிழமை அருள்ராயனின் முதல் தனி நிகழ்ச்சி.

"நான் வரலை டீச்சர். லேப்டாப்பை மட்டும் அனுப்பிடறேன்."

"சால்வையை அதுக்கா போர்த்துவாங்க, அண்ணே?"

அவர் சிரிக்கவில்லை.

"புதுசா வந்திருக்கிற மென்பொருள்ல நாலு வரி எழுதிக் கேட்டேன். முகம் கழுவிட்டு வர்றதுக்குள்ள ஒரு மணி நேர இசை தயார். குறை சொல்ல ஒண்ணும் இல்ல. மேடையில நான் பொத்தானை அழுத்தணும். மிச்ச நேரம் குமிழைத் திருகுற மாதிரி நடிக்கணும். இப்பவே இப்படி. பத்து வருஷம் கழிச்சு இதுக்கு ஆள் எதுக்கு? ஊருக்கே போய் கல்யாண வீட்டுல வாசிக்கிறேன்."

"அழுத்துங்க" என்றார் ஷமீலா.

அழுத்தினார். இசை தொடங்கியது. நன்றாகவே இருந்தது.

"வாங்க, டீ குடிப்போம்."

"ஓடிக்கிட்டு இருக்கே."

"ஓடட்டும்."

டீக்கடை தெரு முனையில் இருந்தது. இசை அங்கே கேட்காது. கடைக்காரர் டீ ஆற்றக் குவளையை உயர்த்தினார். யாரோ சர்க்கரை வேண்டாம் என்றார்கள். உயர்த்திய கை அப்படியே நின்றது. பிறகு ஊற்றினார்.

அருள்ராயன் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீ வந்ததும் கிளாஸில் விரலால் தட்டினார். நிறுத்தினார். மறுபடி தட்டினார்.

"சார், கிளாஸ் என்னோடது" என்றார் கடைக்காரர்.

"டீச்சர், ரெண்டாவது பகுதி முடியுற இடத்துல டிரம் உடனே வந்துடுது. வரக் கூடாது. ஆடுறவன் காலைத் தூக்கிட்டு, எங்கடா காணோம்னு தேடணும். அப்புறம்தான் டிரம் விழணும்."

"எவ்வளவு நேரம் கழிச்சு?"

"அதை இங்க உட்கார்ந்து எப்படிச் சொல்றது? முன்னாடி நிக்கிற கூட்டத்தைப் பார்த்தாத்தான் தெரியும்."

ஷமீலா இன்னொரு டீ சொன்னார்.

திரும்பி வந்தபோது காலி அறையில் இசை ஓடிக்கொண்டிருந்தது. மின்விசிறியும் ஓடிக்கொண்டிருந்தது.

"நாம எழுந்து போனது அந்த இசைக்குத் தெரிஞ்சுதா, அண்ணே?"

"இல்ல."

"நீங்க மட்டும் அதை இங்கயே விட்டுட்டா டீ குடிக்கப் போனீங்க?"

அருள்ராயன் லேப்டாப் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஜூன் 14, சனிக்கிழமை, அவர் வாசித்தார். ஒரு மணி நேர நிகழ்ச்சி எழுபது நிமிடம் நடந்தது.