பூசணிக்காய்க்கு நாடி பார்த்தவர்கள்

ரணவைத்தியர் திருமேனியாருக்கு மூன்று சீடர்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருந்தால் அவர் நிம்மதியாக வெளியூர் போயிருக்கலாம். மனுஷர் அது இல்லாமலே போய்விட்டார், அதுதான் வினை.

கிளம்பும்போது சொன்னார்: "மனுஷன் மேல கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி பூசணிக்காய்ல வச்சுப் பழகுங்கடா. காயையும் நோயாளியாவே நினைக்கணும்."

அவர் தலை மறைந்ததும் பேச்சிமுத்து நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். குதிகாலில் கருவேல முள். விடிந்தால் கல்யாணம். நொண்டி மாப்பிள்ளைக்குப் பெண் கிடையாது என்று மாமனாராகப் போகிறவர் கறாராகச் சொல்லிவிட்டார். பாவம், அழாத குறை.

"முள்ளைப் புடுங்கி விடுங்க சாமி!"

"பொறுங்க மாப்பிள்ளை. உங்களுக்கு முன்னாடி வந்தவர் படுத்திருக்கார்" என்றான் மூத்த சீடன் குத்தாலம்.

கட்டிலில் போர்வை போர்த்தி ஒரு பூசணிக்காய் கிடந்தது. பேச்சிமுத்து தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

குத்தாலம் காய்க்கு நாடி பார்த்தான். "அடங்கிக் கிடக்குதேடா."

"பயந்திருப்பார்ணே" என்று சொல்லி இளையவன் பிச்சாண்டி விசிறிவிட்டான். நடுவன் சங்கிலி, துள்ளாதபடி அமுக்கிப் பிடித்தான்.

குத்தாலம் கத்தியால் கீறி, காக்கை மூக்கு மாதிரி நுனி வளைந்த குறடை உள்ளே விட்டு ஒரு விதையை எடுத்தான். "முள் வந்திருச்சு!" குனிந்து பார்த்தால் உள்ளே இன்னும் ஏகப்பட்டது. "அட ஆண்டவனே, இவர் எந்தக் காட்டுல உருண்டாரோ!"

எல்லாவற்றையும் எடுத்து முடிப்பதற்குள் காய் இரண்டாகப் பிளந்துவிட்டது.

"போயிட்டார்டா. கடைசிவரைக்கும் வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லலியே, உத்தமர்!" மூன்று பேரும் வாய்விட்டு அழுதார்கள்.

"சாமி, என் கல்யாணம்..." என்று இழுத்தான் பேச்சிமுத்து.

"இழவு வீட்டுல கல்யாணப் பேச்சா?" என்று சங்கிலி சீறினான்.

அழுது ஓய்ந்ததும் ஆலோசனை நடந்தது.

"கத்தி மேல குத்தமில்லை. நம்ம கை பழகல" என்றான் குத்தாலம்.

"ஆமாண்ணே. பூசணிக்காய் மேல கை வைக்கிறதுக்கு முன்னாடி வேற எதுலயாவது பழகியிருக்கணும்" என்றான் பிச்சாண்டி.

மூன்று பேரும் மெதுவாகத் திரும்பிப் பேச்சிமுத்துவைப் பார்த்தார்கள்.

வேலியைத் தாண்டினவன் பெண் ஊரில்தான் நின்றான். "இந்த ஓட்டம் ஓடுறவனையா நொண்டின்னாங்க!" என்று மாமனாருக்கு ஏக சந்தோஷம். கத்தியும் குறடுமாகப் பின்னாலேயே வந்த மூன்று பேரையும் மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்து உபசரித்தார்.

காலையில் பேச்சிமுத்து துளிகூட நொண்டாமல் அக்கினியைச் சுற்றி வந்தான். முன்வரிசையில் குத்தாலம் கத்தியோடு உட்கார்ந்திருக்கும்போது எவனுக்கு நொண்ட மனசு வரும்?

பந்தியில் பூசணிக்காய்க் கூட்டு வைத்தார்கள். குத்தாலம் இலையைப் பார்த்தான். தோள் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எந்த வைத்தியன் பார்த்தானோ! நாமளாவது ரெண்டு துண்டோட விட்டோம்."